மழையில் எழுதிய கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்தவர்கள் வந்து சங்க இலக்கியம் பற்றியும் சமய நெறி பற்றியும் பேசிச் சென்றிருக்கிறார்கள். நான் அத்தகையவன் அல்லன். அலுவலகக் கோப்புகளோடு வாழ்நாளைக் கழித்தவன். "விடுமுறையில் தாயகம் சென்று வந்தீர்களே, அதைப் பற்றியாவது சில சொற்கள் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே சென்ற கோடை விடுமுறையில் கொடைக்கானல் மலையில், கொட்டும் மழையில், நான் கோல்ப் ஆடிய கதையை இங்கே கூற வந்திருக்கிறேன்.

அந்தமானில் மழையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையைத் தொடுவதற்கு முன்னரே, மே மாதத்தின் பிற்பகுதியில், நம் தீவுகளைத் தொட்டுவிடுகிறது. அது போனபின் வடகிழக்குப் பருவக்காற்று வந்து நம்மை நனைக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையில் வாழ்பவர்கள் நாம். கொடைக்கானலில் பெய்வது அதில் பாதியளவே இருக்கும். ஆயினும், அம்மலையில் பெய்த ஒருநாள் மழை எனக்குக் கற்பித்ததை இங்கே பெய்த மழையெல்லாம் கற்பிக்கவில்லை. ஆதலால்தான் ஊசி விற்கத் துணிந்தேன்.

முதலில் அவ்வாட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். நம்மில் பலர் அதனைத் தொலைக்காட்சியில் கண்டிருக்கலாமேயன்றி ஆடிப் பார்த்திருக்கமாட்டோம். பரந்த புல்வெளியில் 18 குழிகள் அமைந்திருக்கும். ஒவ்வொரு குழியின் அகலமும் நாலேகால் அங்குலம். எலுமிச்சம்பழ அளவுள்ள, 46 கிராமுக்கு மேற்படாத ஒரு சிறு பந்தைத் தொலைவிலிருந்து மட்டையால் அடித்து அடித்து அக்குழிக்குள் சேர்க்கவேண்டும். 14 மட்டைகள் வரை கொண்டுசெல்லலாம். நெடுந்தூரம் அனுப்ப ஒன்று, மணலிலிருந்து எடுக்க ஒன்று, குழியருகே உருட்டிவிட ஒன்று என ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. 18 குழிகளையும் முடிக்க யார் குறைந்த அடிகளை எடுத்துக்கொள்கிறாரோ அவரே வென்றவர். எண் குறையக் குறையப் பெருமை கூடும் இவ்வாட்டத்தைக் கேட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மகிழவேண்டா. தேர்வுத்தாளுக்கு இவ்விதி பொருந்தாது!

கல்கத்தாவில் நான்காண்டுகள் பணி செய்தபோது நண்பர் ஒருவர் எனக்கு இதனைக் கற்பித்தார். அந்நகரில் 1829-ஆம் ஆண்டில் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ப் கிளப், பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ப் சங்கங்களுள் மிகப் பழமையானது. வெள்ளையர் எங்கே குடியேறினாலும் தேவாலயம், மன்றம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை உடனே அமைத்துக்கொண்டனர். நம் கண்ணெதிரே, நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு என்று 2018-ல் பெயர் பெற்ற ராஸ் தீவில், அதன் எச்சங்கள் இன்றும் ஆலமர வேர்களுக்கு நடுவே நிற்கின்றன. அங்கே டென்னிஸ் ஆடினார்கள், நீந்தினார்கள், நடனமாடினார்கள். அத்தீவில் காடு வெட்டியவர்களும் கல் சுமந்தவர்களும் கைதிகள். ஆடியவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர் என்பதே அக்காலத்து வழக்கம்.

கொடைக்கானலும் அவ்வாறே தோன்றிய ஊர். 1845-ஆம் ஆண்டில், சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்கப் பாதிரிமார் அங்கே வீடு கட்டிக் குடியேறினர். 1863-ல் வீர் லெவிஞ்சு என்ற அதிகாரி ஏரியை உருவாக்கினார். 1895-ஆம் ஆண்டில் கோல்ப் மன்றம் தோன்றியது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், குன்றும் பள்ளமுமாய்ப் பரந்துகிடக்கும் அப்புல்வெளியில், இன்று ஆட்டக்காரரோடு காட்டெருதுகளும் உலாவுகின்றன. அவை புல் மேய்ந்து முடிக்கும்வரை நாம் மட்டையை ஊன்றிக்கொண்டு பணிவுடன் காத்திருக்கவேண்டும். அவ்விடத்தில் அவையே மூத்த உறுப்பினர்கள்!

என் மனைவியின் தமையனார் பணி ஓய்வு பெற்றபின் கொடைக்கானலில் குடியிருக்கிறார். ஏறத்தாழ மூன்று நாட்கள் கப்பலில் சென்னை சேர்ந்து, அங்கிருந்து இரயிலில் கொடைக்கானல் ரோடு நிலையம் சென்று, வத்தலக்குண்டு வழியாக மலையேறி அவர் வீட்டை அடைந்தோம். வந்த மறுநாளே அவர், "மாப்பிள்ளை, கல்கத்தாவில் கற்றதை மறந்துவிட்டீர்களா, பார்த்துவிடுவோமா?" என்றார். "பார்த்துவிடுவோம் மச்சான்" என்றேன். தோற்றவர் அன்றிரவு இரு குடும்பத்தார் ஒன்பது பேருக்கும் உணவகத்தில் விருந்து வைக்கவேண்டும் என்பது பந்தயம்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் எங்களோடு வந்தாள். அடிகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு குழிக்கும் ஓர் அட்டையில் குறிக்கவேண்டும். அந்தப் பணியைத் தனக்கே தரவேண்டுமென்று கேட்டு, அட்டையையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டாள்.

மட்டைப்பையைச் சுமந்துவர ஒரு பெரியவர் வந்தார். இத்தொழில் செய்பவரைக் கோல்ப் ஆட்டத்தில் 'கேடி' என்று அழைப்பார்கள். நம் ஊரில் அச்சொல் காவல் நிலையப் பதிவேட்டை நினைவூட்டும். "அப்பா, இந்தத் தாத்தா என்ன தப்புச் செய்தார்?" என்று என் மகள் என் காதில் கேட்டாள். அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை. நாற்பது ஆண்டுகளாக அப்புல்வெளியில் பிறர் சுமையைச் சுமந்து, எந்தச் சரிவில் பந்து எப்பக்கம் உருளும் என்பதைக் கால்களாலேயே அறிந்தவர் அவர்.

அத்தகையோரை எளியவராக எண்ணுதல் கூடாது. 1964-ல் தொடங்கிய இந்திய ஓபன் போட்டியில், 1991-ஆம் ஆண்டு முதன்முதலாக ஓர் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் வென்றார். அவர் பெயர் அலி ஷேர். தில்லியில் மட்டைப்பை சுமந்து வளர்ந்தவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா பெங்களூரில் மட்டைப்பை சுமந்தவர். 2016-லும் 2017-லும் வென்ற சௌரசியா, கல்கத்தாவில் புல்வெளி பேணும் தொழிலாளி ஒருவரின் மகன். சுமந்தவர் ஆடவும் ஆடினர், வெல்லவும் வென்றனர் என்பது நம் காலத்தின் நற்செய்தி.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கினோம். வானம் தெளிவாக இருந்தது. எட்டாவது குழியை முடித்தபோது பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வந்தது. ஒன்பதாவது குழிக்கு நடக்கையில் மழை பிடித்துக்கொண்டது.

"நிறுத்திவிடலாமா?" என்று கேட்டேன். மச்சான் சிரித்தார். "அந்தமான்காரர் மழைக்கு அஞ்சலாமா?" என்றார். போட்டி ஆட்டத்தில் மழை பெய்கிறது என்பதற்காக மட்டும் ஆட்டக்காரர் தாமாக ஆட்டத்தை நிறுத்த விதி இடம் தருவதில்லை என்பதையும் எடுத்துக் கூறினார். மின்னல் அபாயம் இருப்பதாக எண்ணினால் மட்டும் யாரையும் கேளாமல் நிறுத்தலாம். ஆகவே குடைகளை விரித்துக்கொண்டு நடந்தோம்.

மழையில் கோல்ப் வேறோர் ஆட்டமாகிவிடுகிறது. மட்டையின் கைப்பிடி வழுக்குகிறது. நனைந்த பந்து வெயிலில் பறந்த தூரம் பறப்பதில்லை. மட்டைக்கும் பந்துக்கும் நடுவே ஈரப்புல் சிக்கினால் பந்து எங்கே போகும் என்று அடித்தவருக்கே தெரியாது. குழியருகே மெல்லத் தட்டினால் உருண்டோடும் பந்து, அன்று நீர் கோத்த புல்லில் பாதிவழியிலேயே நின்றுவிடுகிறது.

ஆனால் விதிகளை ஆக்கியோர் மழைக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். புல்வெளியில் மழைநீர் தேங்கி அதில் பந்து கிடந்தால், எடுத்துத் துடைத்து, அருகில் நீரில்லாத இடத்தில் முழங்கால் உயரத்திலிருந்து விட்டு ஆடலாம். அதற்குத் தண்டனை அடி கிடையாது. ஆடுபுலத்தின் இளகிய மண்ணில் தான் விழுந்த வேகத்திலேயே பந்து புதைந்தால் அதற்கும் விலக்கு உண்டு. 1744-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்து ஆட்டக்காரர்கள் முதன்முதல் எழுதிவைத்த 13 விதிகளிலேயே நீரில் விழுந்த பந்தைப் பற்றி ஒரு விதி காணப்படுகிறது. மழை செய்த இடையூற்றுக்கு விதி இரங்கும். ஆட்டக்காரர் செய்த பிழைக்கு அது இரங்குவதில்லை.

இனி நான் சொல்லப்போவது என் பிழை.

ஒன்பதாவது குழியில் என் பந்து புல்வெளிப் பாதையை விட்டு விலகி உயர்ந்த புல்லுக்குள் சென்று கிடந்தது. மழை வலுத்துவிட்டது. மூடுபனியும் சேர்ந்துகொண்டது. மச்சான் நூறு கெஜத்துக்கு அப்பால் தம் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய குடை ஒரு கருப்புப் புள்ளியாய்த் தெரிந்தது. பெரியவர் எனக்குப் பின்னால் பையுடன் நின்றார். மகள் சற்றுத் தள்ளி, அட்டை நனையாமல் மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

மட்டையை ஓங்கி அடித்தேன். ஈரக்கை வழுக்கியது. மட்டை புல்லின் நுனியைச் சீவிக்கொண்டு பந்துக்கு மேலாகப் போய்விட்டது. பந்து கிடந்த இடத்திலேயே கிடந்தது. மீண்டும் நின்று, மீண்டும் வீசினேன். இம்முறை பந்து பறந்தது.

கோல்ப் ஆட்டத்தில், பந்தை அடிக்கும் எண்ணத்தோடு மட்டையை வீசினால், பந்தில் பட்டாலும் படாவிட்டாலும் அது ஓர் அடிதான். காற்றை அடித்தாலும் கணக்கு உண்டு. ஆனால் அடிப்பதற்கு முன் கையைப் பழக்க வெறுமனே ஒருமுறை வீசிப் பார்ப்பதும் வழக்கம். அது கணக்கில் சேராது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு வீசியவரின் எண்ணத்தில் மட்டுமே இருக்கிறது.

அக்குழியை முடித்துவிட்டு வந்தோம். "அப்பா, எத்தனை?" என்று மகள் கேட்டாள். ஏழு என்று சொல்லியிருக்கவேண்டும். "ஆறு" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

பொய் சொல்லவேண்டும் என்று திட்டமிட்டேன் என்று எண்ணாதீர்கள். அந்த எண் தானாகவே வாயிலிருந்து வந்தது. மழையும் பனியும் சுற்றிலும் திரை கட்டியிருந்தன. 'யார் பார்த்தார்கள்?' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அதற்கு நான் விடை சொல்வதற்கு முன் நாக்கு சொல்லிவிட்டது.

பத்தாவது குழியை முடித்தபோது இடி முழங்கியது. உடனே ஆட்டத்தை நிறுத்தினோம். இங்கே இளைஞர்களுக்கு ஒரு சொல். நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்கு உயிர் இழக்கின்றனர். திறந்த வெளியில் குடையும் இரும்பும் ஏந்தி நிற்பதும் தனிமரத்தடியில் ஒதுங்குவதும் பெரும் தவறு. 1975-ஆம் ஆண்டில் சிகாகோ நகரருகே நடந்த போட்டியில் லீ டிரெவினோ என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரையே மின்னல் தாக்கியது. உயிர் பிழைத்தாராயினும் முதுகு நோயால் பின்னர்த் துன்புற்றார். மழையை நாம் பொறுத்துக்கொள்ளலாம். மின்னலிடம் வீரம் காட்டுதல் கூடாது.

ஒரு கட்டடத்தில் ஒதுங்கினோம். தேநீர் வந்தது. மழைநாளில் ஆடவருவோர் குறைவு, ஆதலால் தம்போன்றோர்க்கு அன்று கூலியும் இல்லாமற்போகும் என்று பெரியவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சுமந்தால்தான் கூலி என்ற தொழில்கள் உலகெங்கும் அப்படித்தான். நமக்கு விடுமுறையைக் கெடுக்கும் மழை மற்றொருவருக்கு உலைப்பானையைக் கெடுக்கிறது என்பதை நான் அதற்குமுன் எண்ணியதில்லை. மச்சான் தேநீரை வைத்துவிட்டு, "ஆட்டம் பாதியில் நின்றாலும் உங்களுக்கு முழுநாள் கூலி" என்று உடனே சொன்னார். அவர் தம் கணக்கை அப்படி நேர் செய்தார். நான் என் கணக்கை மழைக்கோட்டுக்குள் வைத்திருந்தேன்.

அப்போது என் மகள் பெரியவரிடம், "தாத்தா, சும்மா வீசிப் பார்க்கிறதையும் அடிக்கத் தவறினதையும் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். அவள் ஐயம் எதுவும் கொண்டு கேட்கவில்லை. கணக்கு எழுதுபவளுக்கு வந்த இயல்பான கேள்வி அது.

பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே, "பார்க்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா. அடிச்சவங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

நான் தேநீரைக் குடித்தேன். அது சூடாக இருந்ததென்று நினைவு.

முக்கால் மணி நேரத்துக்குப் பின் மின்னல் ஓய்ந்தது. தூறலில் எஞ்சிய குழிகளை ஆடி முடித்தோம். மகள் கூட்டிச் சொன்னாள். மச்சான் 101. நான் 100. இருவரும் அட்டையில் கையெழுத்திட்டோம். அன்றிரவு மச்சான் ஒன்பது பேருக்கும் விருந்து வைத்தார். தவறு செய்தவனுக்குச் சோறு இறங்காது என்பார்கள். நான் நெய்த்தோசை இரண்டு உண்டேன், நன்றாகவே உண்டேன். என் மனச்சாட்சி சற்று மெதுவாக நடப்பது.

வீடு திரும்பியபின் மகள் ஒரு குறிப்பேட்டை விரித்து, அட்டையில் இருந்த எண்களை அழகாகப் படியெடுத்துக்கொண்டிருந்தாள். போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் கொண்ட நம் ஊரில், தன் பாட்டியிடம் காட்டவேண்டுமாம். ஒன்பதாவது குழிக்கு வந்தபோது தலை நிமிர்ந்து, "அப்பா, இங்கே நீங்கள் இரண்டு தடவை வீசினீர்களே, முதல் தடவை பழகத்தானே?" என்றாள்.

அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தும், தந்தை சொன்ன எண்ணையே நம்பி எழுதியிருக்கிறாள். மழைத்திரைக்குள் யாரும் பார்க்கவில்லை என்று நான் எண்ணியபோது, என்னைப் பார்த்துக்கொண்டிருந்த இரு கண்களில் குற்றம் காணும் பார்வை இல்லை, நம்பிக்கை இருந்தது. குற்றம் காணும் கண்ணை ஏமாற்றிவிடலாம். நம்பும் கண்ணை ஏமாற்றியபின் அதன் முன் நிற்பது எளிதன்று.

"இல்லை அம்மா. அடிக்கத்தான் வீசினேன். தவறிவிட்டது. ஆறு அன்று, ஏழு" என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மாமாவிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாட்காலை மச்சானிடம் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படியானால் 101-க்கு 101, ஆட்டம் சமம்" என்று நான் சமாதானம் தேடினேன். "சமமா? விதியைப் படியுங்கள் மாப்பிள்ளை" என்றார். உண்மையான எண்ணிக்கையைவிடக் குறைத்து எழுதிய அட்டையில் கையெழுத்திட்டு ஒப்படைத்தால், தண்டனை ஓர் அடியன்று. அவ்வாட்டக்காரர் போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். அன்றிரவு நான் விருந்து வைத்தேன்.

இவ்விதி கடுமையானதென்று தோன்றலாம். ஆனால் இவ்வாட்டத்தின் வரலாற்றில் பெருமை பெற்ற நிகழ்ச்சிகள் சில இதனைச் சார்ந்தே அமைந்திருக்கின்றன. 1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்பவர், அடிக்க நின்றபோது தம் பந்து சற்றே அசைந்துவிட்டதென்று தாமே கூறித் தம்மீது ஓர் அடி தண்டனை விதித்துக்கொண்டார். வேறு யாரும் அதனைக் கண்டிலர். முடிவில் அவரும் வில்லி மக்ஃபார்லேனும் சமமாக நின்றனர். மறு ஆட்டத்தில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓர் அடியை அவர் சொல்லாதிருந்தால் பட்டம் அவருடையது.

1968-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் நடந்தது இன்னும் வியப்பானது. அர்ஜென்டீனா நாட்டு ராபர்டோ டி விசென்சோ என்பவர் 17-ஆவது குழியை 3 அடிகளில் முடித்தார். கணக்கு எழுதிய சக ஆட்டக்காரர் தவறுதலாக 4 என்று குறித்துவிட்டார். டி விசென்சோ அதனைக் கவனியாமல் கையெழுத்திட்டார். உலகமே தொலைக்காட்சியில் 3 என்று பார்த்திருந்தும், கையெழுத்திட்ட 4-தான் நின்றது. ஓர் அடி வேறுபாட்டில், சமநிலையில் மறு ஆட்டம் ஆடும் வாய்ப்பை அவர் இழந்தார். அன்று அவருக்குப் பிறந்தநாள்! ஆயினும் அவர் எழுதியவர்மீது குற்றம் சுமத்தவில்லை. எழுதுபவர் யாராயினும் கணக்கு ஆடியவருடையது என்பதே அவ்வாட்டத்தின் அறம்.

ஊர் திரும்புமுன் அப்பெரியவரைத் தேடிச் சென்றேன். நடந்ததைச் சொன்னேன். "தெரியும் சார்" என்றார். "பின் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நான் சொல்லி நீங்க திருத்தினா, அது என் கணக்கு சார். நீங்களே சொன்னாத்தான் உங்க கணக்கு" என்றார். நாற்பதாண்டுகள் பிறர் சுமையைச் சுமந்தவர், எந்தச் சுமையைப் பிறருக்காகச் சுமக்கக்கூடாது என்பதையும் அறிந்திருந்தார்.

கப்பலில் திரும்பும்போது என் தந்தையாரை எண்ணிக்கொண்டேன். அவர் 1950-களில் இத்தீவுக்கு வந்தவர். 1883-ல் தோன்றிய சாத்தம் மரவாலையில், வந்து இறங்கும் மரங்களை எண்ணிக் குறிக்கும் வேலை செய்தார். படாக் மரங்கள் மழையிலும் வந்து இறங்கும். எண்ணவேண்டியவர் மழையில்தான் நிற்கவேண்டும். தாள் நனைந்து எழுத்துக் கலைந்துவிடும் என்பதால் சட்டைப்பையில் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு, மரத்துக்கு ஒன்றாக இடப்பையிலிருந்து வலப்பைக்கு மாற்றுவார். ஐயம் வந்தால் எல்லாவற்றையும் மீண்டும் எண்ணுவார். சிறுவனாகிய நான் ஒருமுறை உணவு கொண்டுசென்றபோது, "ஒன்றிரண்டு கூடினால் குறைந்தால் யாருக்கப்பா தெரியும்?" என்று கேட்டேன். "கொட்டைக்குத் தெரியுமடா" என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணப் போனார். அன்று எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வலப்பையில் இருப்பது அவர் போட்ட கொட்டை. அதன் கணக்கு அவருக்குத் தெரியும் என்பதே அச்சொல்லின் பொருள் என்று இத்தனை ஆண்டு கழித்து உணர்ந்தேன்.

அன்பர்களே, இக்கதையை வேறு எந்த மேடையிலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

தாயகத்தில் ஊர் என்று ஒன்று இருந்தது. தெருவில் நடந்தால் பெரியப்பா பார்ப்பார்; குளக்கரையில் அத்தை பார்ப்பாள்; இன்னார் மகன் இப்படிச் செய்தான் என்ற சொல் அவன் வீடு சேருமுன் வீட்டுக்கு வந்துவிடும். அந்தக் கண்களுக்கு அஞ்சியே பலர் நேராக நடந்தனர். நாமோ கடல் கடந்து வந்தவர்கள். மரம் அறுக்கவும் துறைமுகத்தில் சுமை இறக்கவும் வந்தோர் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் வாழ்வைத் தொடங்கியோர் உண்டு. நம்மில் யாருக்கும் அந்த ஊர்க்கண் இங்கே கூடவரவில்லை. நமக்கும் நம் ஊருக்கும் நடுவே கடல் என்னும் திரை விழுந்திருக்கிறது. 'இங்கே நம்மை யார் பார்க்கப்போகிறார்கள்?' என்ற குரல் கடைக்கணக்கிலும் அலுவலகப் பதிவேட்டிலும் வேலைக்காரருக்குத் தரும் கூலியிலும் நமக்குக் கேட்கத்தான் செய்யும். அன்று மழைக்குள் எனக்குக் கேட்டதும் அதே குரல்தான்.

அதற்கு விடையாக ஊர்ப்பெரியவர்களை இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் நம் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். நாம் சொல்லும் எண்ணை நம்பி அட்டையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பென்சில் அவர்கள் கையில் இருந்தாலும் எண்ணைச் சொல்பவர் நாம்தான். தவறு நேராது என்று நான் சொல்லவரவில்லை. ஈரக்கை யாருக்கும் வழுக்கும். வழுக்கியதை வழுக்கியதென்று சொல்வதற்கு அதிகத் துணிவும் வேண்டியதில்லை. மறுநாட்காலை சொன்னாலும் சொல்லிவிடலாம். ஒரு விருந்துச் செலவோடு போய்விடும்.

பாட்டியிடம் காட்டிய அக்குறிப்பேட்டை நானும் பார்த்தேன். ஒன்பதாவது குழிக்கு எதிரே 6 என்பதைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் 7 என்று எழுதி, அதன்கீழே 'அப்பாவே சொன்னார்' என்று என் மகள் சிறிய எழுத்தில் குறித்திருந்தாள். நான் ஆடிய ஆட்டங்களுள் எனக்குக் கிடைத்த பரிசு அது ஒன்றே.